அஞ்சாம் சிலுவை

இப்படி நிழலுக்கு வந்து உக்காருங்க தம்பி. அங்க வெயில் வந்துட்டு. மதுரை வேன் உங்களுதுதானே? உங்க ஆளுக பன்னெண்டு பேரும் வந்து மணி அடிச்சாச்சு. நான்தான் நோட்டுல எழுதினேன். எல்லாரும் ஹால்ல கஞ்சி குடிக்காங்க. பயறு போட்ட கஞ்சி, காணத்துவையல். நீங்களும் போய்க் குடிக்கலாம், உங்களுக்கென்ன, நீங்க ஒருசந்தியா இருக்கீங்க? எனக்கு இன்னும் நேரம் ஆகலை. ஒரு ஆள் பாக்கி. அந்த ஆள் வந்து இந்தக் கயித்தைப் பிடிச்சு மூணு அடி அடிச்ச பிறகுதான் நான் பச்சைத் தண்ணி குடிப்பேன்.

யாரா? என் வீட்டுக்காரிதான். தெக்லா.

ஏன் அப்படிப் பாக்கீங்க. ஐம்பத்துமூணு வயசு ஒரு வயசா? எங்க ஓட்டத்துல அறுபது வயசுக்காரரு ஓடியிருக்காரு. மணி என்ன ஆகுது? பதினொண்ணேகாலா? சரி. கொஞ்சம் நேரம் கூடத்தான் ஆயிட்டு. மத்தவங்கள்ல கடைசி ஆளே ஒன்பது மணிக்கு வந்துட்டு. இருக்கட்டும். பைய வரட்டும். இது முந்துறவங்களுக்கு உள்ள ஓட்டம் இல்ல, முடிக்கிறவங்களுக்கு உள்ள ஓட்டம். இதை நான் ஒவ்வொரு வருஷமும் மைக்குல சொல்லுவேன். இந்த வருஷம் புதுச் சாமியார் மைக்கு குடுக்கலை.

நீங்க எங்களை மாதிரி வேதக்காரர், கிறிஸ்தவர் இல்லல்லா? வண்டி முன்னால எலுமிச்சம்பழம் பாத்தேன், அதான் கேட்டேன். அப்போ விளக்கமாத்தான் சொல்லணும். இன்னைக்கு வியாகுல வெள்ளி. மாதா தன் மகனை நெனச்சு அழுத நாள்னு வச்சுக்கோங்க. இன்னும் ஒரு வாரத்துல பெரிய வெள்ளி. இன்னைக்கு விடியக்காலம் நாலரைக்கு கடற்கரைக் கோவில்ல பூசை முடிஞ்சதும் எல்லாரும் அங்க இருந்து கிளம்பி, தேரிக்குள்ள இறங்கி, இங்க எங்க கோவில் வரைக்கும் ஓடி வரணும். பதினெட்டு கிலோமீட்டர். தேரி தெரியுதுல்லா, அன்னா, செக்கச்செவேல்னு. கடற்கரை மணல் மாதிரி இல்ல அது. மாவு. காலை வச்சா கணுக்கால் வரைக்கும் வாங்கும். ஆடிக்காத்துல தேரியே இடம் மாறி நடக்கும். இந்த வருஷம் மேடா இருந்தது அடுத்த வருஷம் பள்ளம். முப்பத்தோரு வருஷம் நான் அதுக்குள்ள தபால் குடுத்தவன் தம்பி. சைக்கிளைத் தோள்ல தூக்கிட்டு நடந்திருக்கேன். இன்னாசின்னு சொன்னா இந்தச் சுத்துவட்டாரத்துல தெரியாத ஆள் கிடையாது.

வழி நெடுக பதினாலு சிலுவை. ஆண்டவரு சிலுவையைத் தூக்கிட்டு மலைக்குப் போனாருல்லா, அந்த வழியில நடந்த காரியம் பதினாலு. ஒண்ணொண்ணுக்கும் ஒரு சிலுவை, பனங்கையில, பனைமரச் சட்டத்துல, அறுத்து நானே செஞ்சு, நானே குழிதோண்டி நட்டது. அன்னா கோவில் வெளியும் தேரியும் சேருத இடத்துல நிக்குதுல்லா, அதுதான் பதினாலாவது. அதுல இருந்து இந்த மணிக்கயிறு வரைக்கும் இருநூத்திப் பன்னெண்டு காலடி. ஆமா, எண்ணியிருக்கேன். தினமும் எண்ணுதேன்.

விதி மூணே மூணுதான். முந்தின நாள் ராத்திரியில இருந்து ஒருசந்தி, ஒண்ணும் சாப்பிடக்கூடாது. ஏழாம் சிலுவையில உபதேசியார் குடத்தோட நிப்பாரு, ஆளுக்கு ஒரு மடக்கு தண்ணி, அவ்வளவுதான். மூணாவது, ஓடுத ஆளை யாரும் தொடக்கூடாது. கையைப் பிடிச்சு விட்டாலும் சரி, விழுந்தவனைத் தூக்கிவிட்டாலும் சரி, தொட்டா அவன் ஓட்டம் போச்சு. அவன் வந்து மணி அடிக்கக்கூடாது.

கொடுமையா? உங்களுக்கு அப்படித்தான் தெரியும். புதுச் சாமியாருக்கே அப்படித்தான் தெரியுது. விசுவாசத்துல யாரு யாரைத் தூக்கிட்டுப் போக முடியும் சொல்லுங்க. என் பூசையை நீங்க காண முடியுமா? என் பாவத்தை நீங்க போய்ச் சாமியார்ட்டச் சொல்ல முடியுமா? அவனவன் கால்லதான் அவனவன் போகணும். முதல் நாலு சிலுவை வரைக்கும் இருட்டும் குளுமையுமா எல்லாரும் செபமாலை சொல்லிட்டே சிரிச்சுட்டு ஓடுவாங்க. புதுசா நன்மை வாங்குன, கோவில்ல முதல் தடவை அப்பம் வாங்குன பிள்ளைகளுக்கு இருக்கும் பாருங்க ஒரு சந்தோசம், அது மாதிரி. நாலாம் சிலுவை தாண்டினா செபம் வராது. மூச்சுதான் வரும். எட்டாம் சிலுவையில ஆண்டவரும் இல்ல, மாதாவும் இல்ல, ஒண்ணும் இல்ல, மண்ணுதான் இருக்குன்னு தோணும். அந்த இடத்துல நிக்காம வந்தவன்தான் விசுவாசத்துல வளர்ந்தவன். வளர்றதுன்னா என்ன? என் குதிகாலைப் பாருங்க. தொட்டுப் பாருங்க, நான் இப்போ ஓடுத ஆள் இல்ல, தொடலாம். முள்ளு குத்தினாக்கூடத் தெரியாது. அது மாதிரி உள்ளுக்குள்ளயும் காப்புக் காய்க்கணும். எனக்கு அப்படித்தான் வளந்தது.

உக்காருங்க. எங்க எந்திக்கீங்க. தண்ணி கேன் வண்டியில இருக்கா? இருந்துட்டுப் போகுது. இப்பவே என்ன அவசரம்.

இது எப்படி ஆரம்பிச்சதுன்னு சொல்லுதேன். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருசம் பிள்ளை இல்ல. தெக்லா போகாத கோவில் இல்ல, பாக்காத டாக்டர் இல்ல. ஒருநாள் தபால் பையோட கடற்கரைக் கோவில்ல நின்னு நான் நேர்ந்துக்கிட்டேன். மாதாவே, ஒரு பிள்ளை தந்தா, என் வீட்டுல இருந்து ஒரு ஆள் வருசா வருசம் உன் வியாகுல வெள்ளிக்கு இங்க இருந்து எங்க ஊர் வரைக்கும் வெறுங்காலோட ஓடி வரும்னு. அடுத்த வருசம் ஜெரோம் பிறந்தான். நான் ஓடினேன். முதல் வருசம் நான் ஒத்தைக்குத்தான். ஊரே சிரிச்சுது, தபால்காரனுக்குப் பைத்தியம் பிடிச்சுட்டுன்னு. மூணாம் வருசம் நாலு பேர் வந்தாங்க. பத்தாம் வருசம் நாப்பது. இன்னைக்கு அறுபத்தெட்டு பேரு, மதுரையில இருந்து வேன் போட்டு வாராங்க. சும்மா வருமா?

ஆறு வருசத்துக்கு முன்னால எனக்கு முட்டி போச்சு. டாக்டர் நடக்கிறதே கஷ்டம்னுட்டாரு. ஆனா நேர்ச்சை நேர்ச்சைதானே. நான் என்ன சொல்லி நேர்ந்தேன்? என் வீட்டுல இருந்து ஒரு ஆள்னு. என் கால் போனா என்ன, ஜெரோம் கால் இருக்கு. பதினெட்டு வயசுல ஆரம்பிச்சான். அவனுக்கு ஓட்டம் பிடிக்குமா பிடிக்காதான்னு எல்லாம் நான் கேட்டது இல்ல. பிடிக்கும்னுதான் நெனக்கேன். வருசா வருசம் முதல் ஆளா வந்து மணி அடிப்பான். அடிச்சுட்டு என்னைப் பாக்க மாட்டான், நேரா அவன் அம்மாகிட்டப் போயிருவான். சின்னப்பிள்ளையில இருந்தே அப்படித்தான், அம்மா பிள்ளை.

அவன் இப்ப எங்கேன்னு கேக்கீங்க. யாரும் சொல்லலையா உங்கட்ட. உங்க ஆளுகளுக்குத் தெரியுமே. போன வருசம் தம்பி. இதே வெள்ளி.

மூணு நாளா காய்ச்சல் இருந்தது அவனுக்கு. பெரிய காய்ச்சல் இல்ல, மாத்திரை போட்டா இறங்கும், பிறகு ஏறும். தெக்லா ஒரே பிடியா நின்னா, இந்த வருசம் விட்டுருங்க, மாதா ஒண்ணும் கோவிக்க மாட்டான்னு. இருபத்துநாலு வருசமா ஒரு வருசம் தப்பாத ஓட்டம். காய்ச்சலுக்காக நிறுத்தவா? சோதனை வரும்போதுதான் விசுவாசம் வளரும், இதை நான் சொல்லலை, எல்லாப் பிரசங்கத்துலயும் சொல்லுதாங்க. அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன், ஏல, ஓடுவியா மாட்டியான்னு. ஓடுதேன்பான்னான். அவன் வாயாலதான் சொன்னான். தெக்லாவும் கேட்டுட்டுத்தான் நின்னா.

முதல்ல வாரவன் அன்னைக்கு எட்டரை ஆகியும் வரலை. எல்லாரும் இங்ஙன கூட்டமா நிக்கோம். அவன் வந்தான். அந்தப் பதினாலாம் சிலுவை பக்கத்துல வந்து விழுந்தான். சரி, விழுந்தா எந்திக்கணும். ஆண்டவரே மூணு தடவை விழுந்தாரு. அவனும் எந்திச்சான். நாப்பது காலடி நடந்தான். நடந்துட்டு மறுபடியும் விழுந்தான். முட்டுப்போட்டு இங்க பாத்தான். அவன் வாய் அசைஞ்சுது. கடைசி மூச்சுலயும் மாதாவுக்குச் சொல்லுத மங்கள மந்திரம் சொன்னான்னு நான் எல்லார்ட்டயும் சொன்னேன். துக்கத்துக்கு வந்த ஆயர்கூட அதைக் கேட்டுக் கண்ணு கலங்கிட்டாரு.

தெக்லா தண்ணிச் செம்போட ஓடப் பாத்தா. நான் அவளைப் பிடிச்சுக்கிட்டேன். இந்த ரெண்டு கையாலயும் இடுப்பைச் சேத்துப் பிடிச்சுக்கிட்டேன். அவளைத் தொடலாம், அவ ஓடுத ஆள் இல்லல்லா. விடுங்க, விடுங்கன்னு கத்துதா. நூத்தி எழுபத்திரண்டு காலடிதான் தெக்லா, எந்திச்சு வந்துருவான், தொட்டா அவனுக்கு இத்தனை வருசமும் வீணாப் போயிரும்னு சொன்னேன். மத்தவங்களும் என்னையப் பாத்துட்டு நின்னுட்டாங்க. ஊர்க்காரங்க கட்டுப்பாடு உள்ளவங்க. ஒரு ஆறு நிமிசம், ஏழு நிமிசம் இருக்கும். பிறகு போய்ப் பாத்தோம்.

மணியை நான் அடிச்சேன். அவனுக்காக மூணு அடி. அது விதிக்கு மாறுதான். ஆனா அவன் ஓட்டத்தை முடிச்சவன்னு எனக்குத் தெரியும். நோட்டுல நேரம் போட்டு எழுதியிருக்கேன், வேணும்னா பாருங்க. எட்டு நாப்பத்தொண்ணு.

என்ன தம்பி, போன்ல யாரைக் கூப்பிடுதீங்க? வீட்டுக்கா? சரி சரி. தள்ளிப் போய்ப் பேசிட்டு வாங்க. இங்க டவர் கிடைக்காது, அந்தக் கொடிமரம் பக்கத்துல நின்னா கிடைக்கும்.

பேசியாச்சா. நல்லது. என்னத்தைச் சொல்லிட்டு இருந்தேன். ஆங், தெக்லா. அன்னையில இருந்து அவ மௌனம். தவக்காலத்துல சில பேர் மௌனம் இருப்பாங்க, நாப்பது நாள், அது ஒரு தவம். இவளுக்குத் தவக்காலம் போயி பாஸ்கா போயி கிறிஸ்துமஸ் போயி, முழுசா ஒரு வருசம் ஆயிட்டு. என்கிட்ட மட்டும்தான் மௌனம். மத்தவங்ககிட்டப் பேசுவா. அதுதான் பெரிய தவம், கூடவே இருக்குத ஆளுகிட்டப் பேசாம இருக்குதது லேசா? சோறு பொங்கித் தட்டை முன்னால வைப்பா, குழம்பு ஊத்துவா, போயிருவா. விசுவாசத்துல என்னைவிட வளந்துட்டா அவ. எனக்குப் பெருமைதான்.

தினமும் காலையில ஒரு செம்பு தண்ணி எடுத்துட்டு வருவா. அவன் ரெண்டாவது விழுந்த இடத்துல ஊத்துவா. செடி கிடி வச்சிருக்காளோன்னு நான் ஒருநாள் போய்ப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. வெறும் மண்ணு.

புதுச் சாமியார் வந்து ஆறு மாசம் ஆகுது. சின்ன வயசு, இங்கிலீசு படிச்சவரு. வந்த உடனே, இன்னாசி அண்ணாச்சி, இந்த ஓட்டத்தை நிறுத்திருவோம்னாரு. நான் விடலை. ஊர்க்கமிட்டியில பேசி, ஆயர் வீடு வரைக்கும் போயி, கடைசியா ஒத்துக்கிட்டாரு, ஆனா கூட ஒரு ஆம்புலன்ஸ் நிக்கணும்னாரு. நின்னுது, இங்ஙனதான், காலையில இருந்து. அவருக்கு இன்னைக்குப் பக்கத்துப் பங்குல பூசை, மதியம்தான் வருவாரு. ஒன்பது மணிக்கு ரெஜினா டீச்சர் கடைசி ஆளா வந்து மணி அடிச்ச உடனே, எல்லாரும் வந்தாச்சுன்னு சொல்லி நான்தான் ஆம்புலன்சை அனுப்பி வச்சேன். உபதேசியாரும் குடத்தைக் கவுத்துட்டு வந்துட்டாரு. பொய் இல்ல தம்பி. தெக்லா வெளி ஆள் இல்லல்லா. வீட்டு நேர்ச்சையை ஓடுதவ. அவளுக்கு எதுக்கு ஆம்புலன்ஸ்.

அவ ஓடப்போறான்னு எனக்கே நேத்துச் சாயங்காலம்தான் தெரியும். கொடியில இருந்து ஜெரோமோட நீலச் சட்டையை எடுத்து, போன வருசம் அவன் குத்தியிருந்த நம்பர் துணி, பதினேழு, அதை ஊசி போட்டுத் தச்சுட்டு இருந்தா. நான் பாத்துட்டு நின்னேன். ஒரு வருசமா நான் கவலைப்பட்டது அதுதான். எனக்கு முட்டி இல்ல, பிள்ளையும் இல்ல, இந்த வருசம் நேர்ச்சை தப்பிருமேன்னு. யாருகிட்டயும் சொல்லலை. அவளுக்கு மட்டும் எப்படியோ தெரிஞ்சிருக்கு. அதான் பொஞ்சாதி.

விடியக்காலம் வேன் ஏறும்போது என் சட்டைப் பையில வீட்டுச் சாவியைப் போட்டா. பீரோ சாவியும் அதுல இருக்கு. அவ கழுத்துச் செபமாலையையும் கழட்டி அதுகூடப் போட்டா. இன்னா, இருக்கு பாருங்க. ஓடும்போது இடைஞ்சலா இருக்கும்லா, அதான். அடுப்படியில ரெண்டு நாளைக்கு உள்ள குழம்பு சுண்டவச்சு மூடியிருக்கா. ஓடிட்டு வந்தா உடம்பு வலிக்கும், எந்திக்க முடியாதுன்னு நெனச்சிருப்பா.

ரெஜினா டீச்சர் வந்ததும் ஒரு காரியம் சொன்னா. அவ தெக்லாவைப் பாத்தாளாம், விடிஞ்சும் விடியாம இருக்கும்போது. அஞ்சாம் சிலுவை இருந்த இடத்துல உக்காந்து ரெண்டு கையாலயும் மண்ணைத் தோண்டிட்டு இருந்தாளாம். அக்கா வாங்கக்கான்னு கூப்பிட்டாளாம். நீ போ டீச்சர், நான் பின்னால வாரேன்னு சொன்னாளாம். கை விரல்ல எல்லாம் ரத்தமாம்.

அஞ்சாம் சிலுவை இப்போ கிடையாது தம்பி. நாலு வருசத்துக்கு முன்னால ஆடிக்காத்துல தேரி அதை மூடிட்டு. ஒரு ஆள் உயரத்துக்கு மண்ணு ஏறிட்டு. போன ஆடியில கொஞ்சம் இறங்கினதா சொன்னாங்க. மூடின வருசமே தெக்லா கேட்டா, தோண்டி நடுங்களேன்னு. நான் நடலை. பதிமூணு இருக்குல்லா, ஒண்ணு இல்லைன்னா ஓட்டத்துக்கு என்ன குறை? அஞ்சாவது என்னன்னா, ஆண்டவரால தூக்க முடியலைன்னு வழியில போன ஒரு ஆளைப் பிடிச்சு, சீமோன்னு பேரு, சிலுவையைத் தூக்கக் குடுத்தாங்க. அதைப் பிடிச்சுக்கிட்டு இவ அப்போ என்கிட்ட வாதம் பண்ணுவா. ஆண்டவருக்கே ஒருத்தன் கை குடுத்தான்லா, உங்க ஓட்டத்துல மட்டும் ஏன் கூடாதுன்னு. ஏட்டி, அவன் தானா வந்தானா? பட்டாளத்துக்காரன் பிடிச்சு இழுத்து விட்டான், அதனால தூக்கினான். அதுல என்ன விசுவாசம் இருக்குன்னு கேட்டேன்.

நிழல் நம்மளை விட்டுப் போயிட்டு பாருங்க. நீங்க வேணா தள்ளிப் போய் உக்காருங்க. நான் இங்ஙனதான் இருக்கணும், இங்க இருந்துதான் நேரே தெரியும். பன்னெண்டு மணி ஆனா திரிகால செபத்துக்கு நான்தான் மணி அடிக்கணும். ஆனா ஒரு ஆள் ஓட்டத்துல இருக்கும்போது வேற யாரும் கயித்தைத் தொடக்கூடாது. அது ஒரு சங்கடம். அதுக்குள்ள வந்துட்டான்னா நல்லது.

என்னது?

எங்க? எனக்கு வெயில்ல சரியாத் தெரியலை. சிலுவைக்குப் பின்னாலயா? ஆமா. ஆள்தான். நீலச் சட்டை. வந்துட்டா. சொன்னேன்லா தம்பி, வருவான்னு. என் வீட்டு நேர்ச்சை தப்பாது. நோட்டை எடுங்க. மணி என்ன, பதினொண்ணு முப்பத்தெட்டு. இருங்க, இப்ப எழுதாதீங்க, மணி அடிச்ச பிறகுதான் எழுதணும்.

தோள்ல என்னமோ வச்சிருக்கா. இழுத்துட்டு வாரா. விறகா? ஓடுதவ விறகை எதுக்குச் சுமந்துட்டு வாரா?

பனங்கை.

அது நான் செஞ்சது தம்பி. குறுக்குக் கட்டை கொஞ்சம் சாஞ்சு இருக்கும் பாருங்க, உளி தவறிட்டு அன்னைக்கு. அஞ்சாம் சிலுவை. தோண்டி எடுத்துட்டு வாரா. அங்க இருந்து இது வரைக்குமா? பன்னெண்டு கிலோமீட்டர் தேரியிலயா? தண்ணி இல்லாம?

வரட்டும். நில்லுங்க, போகாதீங்க. பதினாலு தாண்டிட்டா. இன்னும் இருநூறுதான். நடக்கா பாருங்க. இருநூறு. நூத்தித் தொண்ணூத்தஞ்சு. கால் பின்னுது, ஆனா நடக்கா. நூத்தித் தொண்ணூறு. வா தெக்லா. இங்க பாத்து வா. கீழ பாக்காதே. நூத்தி எண்பது. எழுபத்தஞ்சு.

நின்னுட்டா.

அந்த இடம். அவ தண்ணி ஊத்துத இடம். சிலுவையை நடப் பாக்கா. அது நிக்காது, குழி வேணும்லா. சாயுது. பிடிக்கா. அய்யோ, சிலுவையோட சேந்து விழுந்துட்டா.

தொடாதீங்க. தம்பி, உக்காருங்க, தொட்டா அவ ஓட்டம் போயிரும். எந்திப்பா. செத்த பொறுங்க, எந்திப்பா. தலையைத் தூக்குதா பாருங்க. இங்க பாக்கா.

என்னமோ சொல்லுதா.

உங்களுக்குக் கேட்டுச்சா? எனக்குக் கேட்டுச்சு. ஒரு வருசம் கழிச்சு அவ குரல். ஏங்க, ஒரு கை பிடிங்கங்கா. புல்லுக்கட்டைத் தலையில ஏத்த, தண்ணிக் குடத்தை இடுப்புல ஏத்த, கூப்பிடுவாளே அது மாதிரி. ஏங்க, வந்து ஒரு கை பிடிங்க.

தம்பி, அவன் செபம் சொல்லலை. ஜெரோமு. போன வருசம், முட்டுப்போட்டுட்டு என்னையப் பாத்து. மங்கள மந்திரம் இல்ல அது. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. அப்பா, ஒரு கை பிடிங்கப்பான்னான். இவளுக்கும் கேட்டுச்சு, நான் அவளைப் பிடிச்சுட்டுல்லா நின்னேன், அவ காது என் காதுகிட்டத்தான் இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் கேட்டுச்சு. நான்தான் ஊருக்கெல்லாம் செபம்னு சொன்னேன். இவ மறுத்து ஒரு வார்த்தை சொல்லலை. ஒரு வருசமாச் சொல்லலை. அதையே இப்போ சொல்லுதா.

தலை சாஞ்சுட்டு. மறுபடியும் தலையைத் தூக்க மாட்டேங்கா.

நீங்க கொடிமரத்துக்குப் போய் ஆம்புலன்சுக்குத்தான் போன் போட்டீங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பேசாம இருந்தேன். அது வர எவ்வளவு நேரம் ஆகும்? இருபது நிமிசமா? அவ்வளவு நேரம் இல்ல தம்பி, ஆறு நிமிசம்தான், ஏழு நிமிசம்தான், எனக்குத் தெரியும்.

கேனை எடுத்துட்டீங்களா. ஓடுங்க. இல்ல, இருங்க, அவ என்னையத்தான் கூப்பிட்டா. நான் போகணும். நூத்தி எழுபத்திரண்டு காலடி. என் முட்டி வர மாட்டேங்குது. கீழ பிடிமானம் இல்ல, காலு எங்க இருக்குன்னே தெரியலை. முப்பத்தோரு வருசம் தேரியில நடந்த காலு. தம்பி, என்னைய விட்டுட்டுப் போகாதீங்க. தூக்கி விடுங்க. தோள்ல போட்டு இழுத்துட்டாவது போங்க.

ஒரு கை பிடிங்க.